கிணற்று நீரும் உப்பும்

திருச்சுழிக்கடுத்த பரளச்சி முதலாய கரிசற் சீமையில் உவர்க்கிணறு புதிதன்று. 1 ஏக்கரில் 1 அங்குல உயரம் பாய்ச்சும் நீர் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டராம். லிட்டருக்கு 1 கிராம் உப்பிருப்பினும், ஒரு பாய்ச்சலில் 100 கிலோ உப்பு நிலத்திற் சேர்கின்றது. நீரை வெயில் குடிக்கும். உப்பைக் குடிப்பார் யார்? மிகையாய்ப் பாய்ச்சிய நீரோ அதனைக் கரைத்துக்கொண்டு ஓடைவழியே குண்டாற்றை நாடும்.

அமெரிக்கக் கொலராடோ ஆற்றில் இக்கேடு முற்றவே, 1974-ல் சட்டமியற்றி, வாய்க்கால்களுக்குத் தளமிட்டும் பாசனத்தைத் திருத்தியும் வருகின்றனர். நமக்குச் சொட்டுநீர்ப் பாசனம் ஏற்றது. நீர் குறைய, அதனோடு வரும் உப்புங் குறையும். ஆயினும் நனைந்த மண்ணின் ஓரத்தில் உப்புப் பூக்கும். ஐப்பசி மழையே அதனைக் கழுவவேண்டும். அம்மழையைத் தேக்குங் கண்மாயின் நீர் உப்புக் குறைந்ததன்றோ? அஃது உள்ள மாதங்களிலும் உவர்க்கிணற்றை இறைப்பானேன்?