பள்ளத்தில் ஓடும் காருக்கு ஒரு கடிகாரம்

1997 அக்டோபரில் ஸ்பெயினின் ஹெரெஸ் ஓடுபாதையில் நடந்த ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில், ஜாக் வில்நெவ் 1 நிமிடம் 21.072 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். பிறகு வந்த மைக்கேல் ஷூமாக்கருக்கும் அதே 21.072. அவருக்கும் பின்னால் வந்த ஹைன்ஸ்-ஹரால்ட் ஃபிரென்ட்சனுக்கும் அதே 21.072! முதலில் அந்த நேரத்தைத் தொட்டவர் என்பதால் வில்நெவுக்கு முதலிடம் கிடைத்தது. அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் கார் ஐந்தரை செ.மீ. நகர்ந்துவிடும். அதற்கும் குறைவான வித்தியாசத்தைக் கடிகாரத்தால் காட்ட முடியவில்லை.

மேசைமீது பள்ளத்தில் ஓடும் பொம்மைக் காரான ஸ்லாட் கார் நேர்ப்பாதையில் விநாடிக்கு 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆயிரத்தில் ஒரு விநாடி என்பது வெறும் 3 மி.மீ. இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். செய்யும்போது ஒவ்வொரு பிழையையும் விநாடியில் பார்க்காமல் தூரமாக மாற்றிப் பார்த்தால், எதற்குக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகவே விளங்கும்.

சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்த ஆங்கிலேயர் ஃபிரெட் பிரான்சிஸ், அவற்றில் மின் மோட்டாரைப் பொருத்தி 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் இந்த ஸ்லாட் கார் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் நுழைந்தது. காரின் மூக்கடியில் இருக்கும் சிறு தகடு பாதையின் பள்ளத்துக்குள் இறங்கி வழிகாட்டும். பள்ளத்தின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து ஏறக்குறைய 12 வோல்ட் மின்சாரம் மோட்டாருக்குப் போகும். கையிலுள்ள விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். அவ்வளவுதான் அனலாக் முறை.

டிஜிட்டல் கார்கள் தடம் மாறி ஓடுவதால், கோட்டைக் கடந்தது யார் என்று அடையாளம் காண ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு தேவை. அனலாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பள்ளத்துக்கு ஒரு கார் என்பதால் பள்ளமே காரின் அடையாளம். ‘முதல் பள்ளத்தில் ஏதோ கடந்தது’ என்று தெரிந்தாலே கருவிக்குப் போதும்.

பழைய பெட்டிகளில் காரின் தகடு தட்டிவிடும் ஒரு நெம்புகோல் இருந்தது. அது சுற்றை எண்ணும், நேரம் சொல்லாது. கணினி வந்த பிறகு சிலர் மௌஸைப் பிரித்து, இடது பொத்தானின் கம்பிகளை ஒரு தடத்துக்கும் வலது பொத்தானின் கம்பிகளை மற்றதற்கும் இழுத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சாதாரண யு.எஸ்.பி. மௌஸ் கணினியோடு விநாடிக்கு 125 முறைதான் பேசும். 8 மில்லி விநாடி இடைவெளி என்றால் நம் காருக்கு 2.4 செ.மீ. ஒரு மூக்கு நீளத்தில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் அது சண்டையில்தான் போய் முடியும்.

இன்று இந்த வேலைக்கு ஏற்றது ஆர்டுயினோ உனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை. உணர்வதற்கு அகச்சிவப்பு ஒளி. பாதைமீது ஒரு சிறு பாலம் கட்டி, அதிலிருந்து அகச்சிவப்பு எல்.இ.டி. கீழே பார்க்க வேண்டும். பள்ளத்தின் அடியில் 3 மி.மீ. துளை போட்டு, சென்சாராக ஒளி டிரான்சிஸ்டரைப் பொருத்த வேண்டும். எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட்டில் 17 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் போகும். டிரான்சிஸ்டருக்கு 5 வோல்ட்டிலிருந்து 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைப்பு. ஒளி விழும்போது அந்த முனையின் வோல்டேஜ் தாழ்ந்திருக்கும். கார் மறைத்ததும் மேலே எகிறும். அந்த எகிறல்தான் சுற்று முடிந்ததற்கான செய்தி.

கேட்க எளிது, ஆனால் ஜன்னலோரம் மேசையைப் போட்டால் வெயிலே எமன். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம் என்பதால் கார் கடந்தாலும் சென்சாருக்கு இருட்டாகத் தெரியாமல் போகலாம். பழைய குண்டு பல்பும் அப்படித்தான், போதாக்குறைக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். இதற்கு நல்ல வழி, இரண்டையும் தலைகீழாக்குவது: எல்.இ.டி. பள்ளத்தில், சென்சார் பாலத்தின் அடியில் தரையைப் பார்த்தபடி. வெயில் அதன் முகத்தில் நேராக விழாது.

மோட்டாரின் பிரஷ்களில் தெறிக்கும் பொறி இன்னொரு தலைவலி. நீளமான சென்சார் கம்பி ஆன்டெனா போல அதை வாங்கி, வராத காரை வந்ததாகச் சொல்லும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோவதும், பலகையருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைப்பதும், பாதையின் பவர் சப்ளையைப் பலகையோடு பகிராமல் இருப்பதும் பெரும்பாலும் அதை அடக்கிவிடும்.

பாலத்தை வளைவின் வாயில் வைக்காமல் நீண்ட நேர்ப்பாதையின் நடுவே வைப்பது நல்லது. ஒளிக்கற்றை எந்த இடத்தில் மறைந்தது என்பதில் ஒரு மி.மீ. தடுமாற்றம் இருந்தாலும், கார் வேகமாகப் போகுமிடத்தில் அது நேரக்கணக்கில் சிறிதாகவே தெரியும்.

நிரலில் சறுக்குமிடம் ஒன்று உண்டு. 14 செ.மீ. கார் ஒளிக்கற்றையைக் கடக்க 47 மில்லி விநாடிதான் ஆகும். பலகை திரையில் எழுத்துகளைப் பதித்துக்கொண்டிருந்தால் கார் வந்த கணம் தவறிவிடும். அதனால் இன்டரப்ட் முறை வேண்டும்: செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டு மறுபடி வேலைக்குத் திரும்புவது. உனோவில் இதற்கென்றே 2, 3 என இரண்டு பின்கள் உள்ளன, இரண்டு தடத்துக்கு அளவெடுத்தாற்போல. நேரத்தை 4 மைக்ரோ விநாடி படிகளில் அது எண்ணும். 70 நிமிடம் தாண்டியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பினாலும் குறியில்லா முழு எண்களாகக் கழித்தால் விடை சரியாகவே வரும்.

காரின் அடித்தட்டிலுள்ள துளைகள் வழியே ஒளி எட்டிப்பார்த்தால் ஒரே கார் மூன்று முறை பதிவாகும். பள்ளம் விட்டுத் தெறித்த காரை எடுத்துவைக்கப் போகும் கையும் ஒரு சுற்றாக எண்ணப்படும். மிக வேகமான சுற்று 5 விநாடி என்றால், ஒரு பதிவுக்குப் பிறகு 3 விநாடிவரை வரும் எதையும் கண்டுகொள்ளாதே என்று எழுதிவிட வேண்டியதுதான்.

4 மைக்ரோ விநாடி என்றதும் மயங்கிவிடக் கூடாது. உனோவின் முதன்மைச் சில்லுக்குத் தாளம் கொடுப்பது குவார்ட்ஸ் அல்ல, அதைவிட மலிவான செராமிக் ரெசனேட்டர். அது அரை சதவீதம்வரை தப்பலாம். 8 விநாடிச் சுற்றில் அது 40 மில்லி விநாடி, தூரத்தில் 12 செ.மீ.! ஆனாலும் அது அன்றைய பந்தயத்தைப் பாதிக்காது. இரண்டு தடத்துக்கும் கடிகாரம் ஒன்றே, தப்பும் ஒன்றே. நண்பர் வீட்டுப் பலகையின் நேரத்தோடு ஒப்பிடும்போதுதான் கோளாறு. கைபேசியின் ஸ்டாப்வாட்சோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கிடைக்கும் விகிதத்தால் பெருக்கினால் பெரும்பகுதி சரியாகும்.

கடிகாரத்தைவிடப் பெரிய அநீதி பாதையிலேயே இருக்கிறது. தன்னைத் தானே குறுக்கே வெட்டாத பாதையில், வளைவுகள் எப்படி நெளிந்தாலும், வெளித்தடம் உள்தடத்தைவிட ஒரே அளவுதான் நீளம்: இரண்டு பள்ளங்களின் இடைவெளியை 6.28ஆல் பெருக்கினால் வருவது. இடைவெளி 8 செ.மீ. என்றால் அரை மீட்டர். 3 மி.மீ. வரை அளக்கும் கருவிக்கு முன்னால் ஒருவர் சுற்றுக்கு 50 செ.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பார். எட்டு வடிவில் பாதை போட்டால் இது சமமாகிவிடும். இடமில்லாதவர்கள், கிளப்புகளில் செய்வதுபோல எல்லாரையும் எல்லாத் தடத்திலும் ஓட்டவைத்துக் கூட்ட வேண்டும். சாதனை நேரத்தையும் தடத்துக்கு ஒன்றாகப் பிரித்துச் சேமிக்க வேண்டும். நிரலில் அதற்கு இன்னும் சில வரிகள்தான் ஆகும்.