நெரிசலில் அலை பிரியும் விதம்



பண்டிகைக் காலத்தில் கடை நிறையக் கூட்டம் நிற்கும்போதுதான் கைப்பேசி வழியே பணம் வந்து சேரத் தாமதமாகிறது. வங்கிப் பக்கத்துக் காரணமும் உண்டு. அலைப் பக்கத்துக் காரணத்தை இங்கே பார்ப்போம்.

ஒரே அலைவரிசையைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒருவர் அலை மற்றவர் அலையில் குறுக்கிடும். இதைத் தவிர்க்க, முன்பு பெரும்பாலும் ஆளுக்குக் கொஞ்சம் நேரம், கொஞ்சம் அலைவரிசை என்று பங்கிட்டார்கள். நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவையில் இன்னொரு வழியும் உண்டு. கோபுரத்தில் ஒரே பலகையில் பல ஆண்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் அலையைச் சற்று முன்பின்னாக அனுப்பும். உரியவர் இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்றுகூடி வலுக்கும். அடுத்தவர் இடத்தில் ஒன்றையொன்று தணித்துவிடும். ஒரே நேரத்தில் பலருக்கும் பட்டுவாடா நடக்கும்.

இதற்கு அலை செல்லும் வழியைக் கோபுரம் அறிந்திருக்க வேண்டும். நம் கைப்பேசி அனுப்பும் அடையாளக் குறியே அதைத் தெரிவிக்கிறது. குறி மங்கினால் கணக்குப் பிசகும். இருவர் ஒட்டி நின்றாலும் பிரிப்பது கடினம். அப்போது பழையபடி முறை வைத்துத்தான் கிடைக்கும்.

ஆகவே கல்லாக் கைப்பேசியை இரும்பு பீரோவின் பின்னால் வைக்காமல் தெருப் பக்கமாக வைப்பது நலம். தாமதமானால் வாடிக்கையாளரை உடனே மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டாம். நம் வங்கிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வோம். இரட்டைப் பணமும் வேண்டாம், வீண் மனத்தாங்கலும் வேண்டாம்.