14416: தமிழிலேயே மனம் விட்டுப் பேசலாம்

எங்கள் ரெயில்வே குடியிருப்பில் தர்மபுரி வாலிபர் ஒருவர். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. "மந்திரித்தால் சரியாகும்" என்றார்கள் சிலர். நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். கூட வேலை செய்கிறவன் எதிரில் அவர் எதைச் சொல்வார்? "தலைவலி" என்றதோடு நிறுத்திக் கொண்டார்.

இந்தச் சங்கடத்துக்கு மத்திய அரசு ஒரு வழி செய்திருக்கிறது. 'டெலி மானஸ்' என்ற மனநல தொலைபேசி சேவை 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கப்பட்டது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது. தமிழ் உள்பட 20 மொழிகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் பேசுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பு கொடுப்பார். நமது பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரிதான் இதற்குத் தலைமை மையம்.

நிமான்ஸ் என்றாலே நம்மவர்களுக்குக் கேலி. நானும் கேலி பேசியவன்தான்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம்.

அந்த வாலிபருக்கு எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.