சாவி யாரிடம்?

2020 ஆம் ஆண்டு, கொரோனா ஊரை முடக்கிய நாட்களிலே, மூக்கிலே குச்சி விட்டுச் சோதித்து, "நோய் இல்லை, வேலைக்குப் போகலாம்" என்று சீட்டுக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா தோழர்களே? பி.சி.ஆர். என்று பெயர் சொன்னார்களே, அந்தச் சோதனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர், மருத்துவர் அல்ல. மருந்துக் கம்பெனி முதலாளியும் அல்ல. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலே, ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலே அமர்ந்து, அந்தச் சூட்டிலும் சாகாத நுண்ணுயிரை 1966 இல் கண்டறிந்த தாமஸ் பிராக் என்ற பேராசிரியர்!

வெந்நீரிலே பூச்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அன்று எவரும் எள்ளி நகையாடியிருக்கலாம். எனினும் அவருக்குப் பணம் கிடைத்தது. அந்த நுண்ணுயிர் தந்த நொதிதான், பின்னாளில் அந்தச் சோதனைக்கு உயிர்நாடி ஆயிற்று. மந்திரி ஒருவர் மேசைக்கு அந்த விண்ணப்பம் போயிருந்தால், மறுநாளே குப்பைக் கூடைக்குச் சென்றிருக்கும்!

பணம் கொடுத்தது, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. பல்கலைக் கழக ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்வதற்கென்றே சட்டம் இயற்றி அமைக்கப்பட்டது அது. அந்தச் சட்டம் பிறந்த கதையிலே, நமக்கும் பாடம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், வன்னெவர் புஷ் என்ற அறிஞர், குடியரசுத் தலைவர் ட்ரூமனிடம் ஓர் அறிக்கை தந்தார். போர்க் காலத்திலே அறிவியலுக்கு அள்ளிக் கொடுத்த அரசு, அமைதிக் காலத்திலும் கொடுக்க வேண்டும். ஆனால் ஆராய்ச்சியின் கழுத்திலே அரசியல் கயிறு கூடாது என்றார். நல்ல வாதம்! 1947 இல் மசோதா நிறைவேறி ட்ரூமனிடம் வந்தது. அவரோ கையெழுத்திட மறுத்தார்!

ஏன்? 24 பேர் கொண்ட குழு. அவர்கள் முழு நேர ஊழியர்கள் அல்லர். அந்தக் குழு தன்னிலிருந்து ஒரு சிறு குழுவைப் பொறுக்கும். சிறு குழு இயக்குநரை அமர்த்தும். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கு அங்கே பிடிமானமே இல்லை. பணமோ மக்களின் வரிப்பணம்! பணம் பெறும் நிறுவனங்களைச் சார்ந்தவர்களே பணத்தைப் பங்கிடவும் அமர்ந்தால், கேள்வி கேட்பது யார் என்றார் ட்ரூமன். அதுவும் நல்ல வாதம்தான்!

மூன்றாண்டுகள் இழுபறி. 1950 மே 10 ஆம் நாள், திருத்தி எழுதப்பட்ட சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். 24 உறுப்பினர்களையும் இயக்குநரையும் குடியரசுத் தலைவர் நியமிப்பார். ஆனால் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும் என்றது அன்றைய சட்டம். இயக்குநருக்கு ஆறாண்டுப் பதவிக்காலம். பணம் ஒதுக்குவது மக்கள் மன்றம். எந்த ஆராய்ச்சி தகுதியுடையது என்று எடைபோட்டுச் சொல்வது அந்தத் துறையின் அறிஞர்கள். பெட்டி மக்களுடையது, ஆனால் சாவி ஒரே கையில் இல்லை!

அந்த வேலியும் அசைக்க முடியாததல்ல என்பதை 2025 காட்டிற்று. ஆட்சி மாறியது. அறிஞர்கள் ஆய்ந்து வழங்கியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட உதவித் தொகைகளை, எங்கள் நோக்கத்துக்கு ஒவ்வாதவை என்று கூறி, நடுவிலேயே நிறுத்தினர். அதன் இயக்குநராக இருந்தவர், சென்னையிலே பிறந்த சேதுராமன் பஞ்சநாதன். பதவிக்காலம் முடியுமுன்னரே, அந்த ஏப்ரலில் விலகினார். 75 ஆண்டுகள் வளர்ந்த மரத்துக்கே இந்தக் கதி!

இனி, நம் நாட்டைப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. 2024 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று பெயர். அனுசந்தான் என்றாலே ஆராய்ச்சிதான்! பெயரிலே இரண்டு முறை ஆராய்ச்சி இருக்கிறது. சுதந்திரம் ஒரு முறையேனும் இருக்கிறதா என்று தேடினோம். ஆட்சிக் குழுவின் தலைவர், பதவி வழியாகவே, பிரதமர்! துணைத் தலைவர்கள், இரண்டு மத்திய மந்திரிகள்! ட்ரூமன் அஞ்சியது, மக்களாட்சியின் பிடியே இல்லாத அமைப்பைக் கண்டு. இங்கோ, ஆளுங்கட்சி எதுவாயினும், அதன் தலைமையே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றனர். அதிலே பெரும்பகுதி, ஏறத்தாழ 36,000 கோடி, தொழில் நிறுவனங்களிடமிருந்தும் பிற வழிகளிலும் வரும் என்றனர். கொடுக்கும் முதலாளி, தனக்கு ஆதாயம் தரும் ஆராய்ச்சியைத்தானே கேட்பான்? வெந்நீர் ஊற்றுக்கு எந்த முதலாளி பணம் கொடுப்பான்?

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் 1857 இல் தோன்றிய பல்கலைக் கழகங்கள், இன்று மாநிலங்களின் பல்கலைக் கழகங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெருவாரியாகப் படிப்பது இத்தகைய இடங்களிலேதான். இங்கே ஆராய்ச்சி வளர வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையே கூறுகிறது. கூறியதை மறுக்கவில்லை, கொடுக்கும் இடத்திலே மாநிலத்தின் குரல் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

சோப்பு வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோம் நாம். அந்தக் காசு அந்தப் பெட்டியிலும் விழுகிறது. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிற நாடாளுமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்வி போடுங்கள்: தேர்வு அறிஞர் கையில் இருக்கிறதா? கணக்கு மன்றத்துக்கு வருகிறதா? எங்கள் ஊர்ப் பல்கலைக் கழகத்துக்கு என்ன வந்தது?

பதில் வரும்வரை விடாதீர்கள்!