புதிய செயலியும் பேசாத கணினியும்

கணினியின் வேகம் போதவில்லை என்று காண்பவர், முழுப் பொறியையும் மாற்றுவதற்கு வேண்டிய பொருள் கையில் இல்லாவிடத்து, அதன் மூளை போன்ற உறுப்பை மட்டும் மாற்றிவிட எண்ணுவது இயல்பே. புரொசெசர் எனவும் மையச் செயலி எனவும் வழங்கும் அவ்வுறுப்பு உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு தகடு. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துதல் நெடுநேர வேலையன்று. ஆயின், வேலை முடிந்து ஆளியை அழுத்தியதும் விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது, திரையிலோ ஒன்றும் தோன்றவில்லை. அவ்வேளையில் உரியவர் கொள்ளும் கலக்கம் பெரிது. செயலிக்குக் கொடுத்த பணம் வீணாயிற்றோ, தாய்ப்பலகையும் கெட்டதோ, பல ஆண்டுகளாகச் சேர்த்த கணக்குகளும் படங்களும் அழிந்தனவோ என்று அவர் உள்ளம் அலைபாயும். சிலர் அப்பதற்றத்தில் புதிய தாய்ப்பலகை ஒன்றையும் வாங்கிவிடுகின்றனர்.

திரை இருண்டிருப்பதனால் கணினி இறந்துவிட்டது என்று பொருளாகாது. கணக்குகளும் படங்களும் சேமிப்பகத்தில் உள்ளன, செயலியில் இல்லை. ஆகவே செயலியைக் கழற்றுவதனால் அவற்றில் ஓரெழுத்தும் அழிவதில்லை. அவை பூட்டப்படக்கூடிய நிலை ஒன்று மட்டும் உண்டு. அது பின்னர் விளக்கப்படும். மேலும், மாற்றத்துக்கு முன் செவ்வையாக ஓடிய பொறி மாற்றத்தின் பின் ஓடவில்லையாயின், அதன் காரணம் பெரும்பாலும் அம்மாற்றத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும். அக்காரணங்கள் மூவகைப்படும். செயலியும் பலகையும் ஒன்றுக்கொன்று இசையாமை முதலாவது. பொருத்தும்போது நேர்ந்த தவறு இரண்டாவது. உறுப்புக்கு நேர்ந்த சேதம் மூன்றாவது.

இசையாமை பலரையும் ஏமாற்றுவது. செயலி அமரும் இடத்துக்குச் சொக்கெற் என்று பெயர். சொக்கெற் ஒன்றாயிருப்பின் செயலியும் இசையும் என்று எண்ணுதல் தவறு. இன்டெல் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறாம் தலைமுறைச் செயலிக்கு 1151 தொடுமுனைகள் இருந்தன. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே எண்ணிக்கைதான். எனினும் ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கென ஆக்கப்பட்ட தாய்ப்பலகைகளுக்கு எட்டாம் தலைமுறைச் செயலி உரியதன்று. அதற்கெனப் புதிய பலகை வாங்க வேண்டியதாயிற்று.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சொக்கெற் இதற்கு வேறான வரலாறு உடையது. 2016இல் தோன்றிய அச்சொக்கெற்றில் பல தலைமுறைச் செயலிகள் அமரும். ஆயினும் 2017ஆம் ஆண்டுப் பலகை 2020ஆம் ஆண்டுச் செயலியைத் தானாகவே அறிந்துகொள்வதில்லை. ஆளியை அழுத்தியவுடன் முதலில் இயங்குவது, தாய்ப்பலகையின் சிறு சில்லு ஒன்றில் எழுதப்பட்டுள்ள பயோஸ் என்னும் நிரலாகும். புதிய செயலியைப் பற்றிய குறிப்பு அந்நிரலில் இல்லையெனின், வீட்டுக்கு வந்தவரை இன்னார் என்று அறியாத காவற்காரன் வாயிலிலேயே நிறுத்திவிடுவது போல, கணினி தொடக்கத்திலேயே நின்றுவிடும். 2018இல் புதிய ரைசன் செயலிகளை வாங்கிய சிலருக்கு இவ்விடர் நேர்ந்தபோது, பயோஸை மாற்றிக்கொள்ளும் பொருட்டு ஏ.எம்.டி. நிறுவனமே பழைய செயலி ஒன்றை இரவலாக அனுப்பிவைத்தது.

இதிலிருந்து பழுதுபார்ப்போர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி பெறப்படும். பழைய செயலியை மீண்டும் பொருத்திப் பார்த்தலே அது. கணினி விழித்துக்கொண்டால் தாய்ப்பலகை, நினைவகம், மின்வழங்கி ஆகிய யாவும் நலமாக உள்ளன என்பது ஒரே சோதனையில் தெளிவாகும். பின்னர், பலகையை ஆக்கிய நிறுவனத்தின் பட்டியலில் புதிய செயலியின் பெயர் உளதா என்று நோக்கி, அப்பலகைக்கே உரிய பயோஸைப் பென்டிரைவில் எடுத்துப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்படலாகாது. சில பலகைகளில் சில்லின் கொள்ளளவு குறைவாதலால், புதிய பயோஸ் மிகப் பழைய செயலிகளைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. ஆதலின் குறிப்புகளை முன்னரே படித்தல் நலம். செயலி இல்லாமலே பயோஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உடைய பலகைகளும் உள்ளன.

திரை இருளுவதற்கு மற்றொரு எளிய காரணமும் உண்டு. ரைசன் 3 2200ஜி போன்ற செயலிகள் படம் காட்டும் பகுதியையும் தம்முள் கொண்டவை. ரைசன் 5 5600 அப்பகுதி இல்லாதது. முன்னதைக் கழற்றிப் பின்னதைப் பொருத்தியவர் திரையின் வயரைத் தாய்ப்பலகையிலேயே செருகியிருந்தால், கணினி ஓடினும் படம் தோன்றாது. அங்கே வேண்டுவது தனியான கிரபிக்ஸ் அட்டை ஒன்றே.

இனி, பொருத்தும்போது நேரும் தவறுகள். செயலிக்கு மின்னூட்டும் 12 வோல்ற் செருகி தாய்ப்பலகையின் மேல் ஓரத்தில் இருக்கும். குளிர்விப்பானைக் கழற்றுவதற்காக அதனை நீக்கியவர் மீண்டும் செருக மறந்துவிடுதல் வழக்கம். கை பட்டு நினைவகத் தகடு தளர்ந்திருத்தலும் உண்டு. ஒரு தகட்டை மட்டும் இறுகச் செருகிச் சோதித்தல் நன்று. அதன் பின்பும் விழிக்கவில்லையெனின், மின்னிணைப்பை முற்றாக நீக்கி, நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி வைத்தால், பழைய செயலிக்கென வகுத்த அமைப்புகள் நீங்கிவிடும். புதிய வகை நினைவகம் உள்ள கணினிகள் முதன்முறை தொடங்குகையில் சில நிமிடம் இருண்ட திரையுடன் நிற்பதுண்டு. அப்போது ஆளியை அடிக்கடி அழுத்தாது பொறுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய சேதம், கழற்றும்போதே நேர்ந்துவிடுவது. ஏ.எம்.4 செயலிகளின் அடியில் 1331 மெல்லிய ஊசிகள் உள்ளன. குளிர்விப்பானுக்கும் செயலிக்கும் இடையே பூசிய வெப்பப் பசை நாட்பட இறுகிவிடுமாதலால், குளிர்விப்பானை நேரே மேலிழுத்தால் செயலியும் அதனோடு பிடுங்கப்பட்டு ஊசிகள் வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, மின்னிணைப்பை நீக்கி, பசை இளகியிருக்கும்போது குளிர்விப்பானை இடவலமாக மெல்லத் திருகி எடுத்தல் முறையாகும். வளைந்த ஊசியை மெல்லிய அட்டையின் விளிம்பால் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். 2004 முதல் இன்டெல் மேசைக் கணினிகளிலும் 2022 முதல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 இலும் தொடுமுனைகள் பலகையின் சொக்கெற்றிலேயே உள்ளன. அவை வளையின், தேர்ந்த கைகளிடம் ஒப்புவித்தலே தக்கது.

முன்னர் சுட்டிய பூட்டுக்கு வருவோம். வின்டோஸ் கணினிகளிற் பல, சேமிப்பகத்தைப் பிட்லொக்கர் என்னும் மறைகுறியால் பூட்டிவைக்கின்றன. உரியவர் அறியாமலே அப்பூட்டு இடப்பட்டிருத்தலும் உண்டு. அதன் இரகசியம் செயலியோடு இணைந்த பாதுகாப்புப் பகுதியில் இருக்குமாயின், செயலி மாறியதும் கணினி மீட்புச் சாவியைக் கேட்கும். சில ஏ.எம்.டி. கணினிகள் புதிய செயலியைக் கண்டதும், பழைய இரகசியத்தை நீக்கலாமா என்று திரையிலே வினவும். சாவி கையில் இல்லாதவர் அவ்வினாவுக்கு உடன்படலாகாது. பணம் கொடுத்து வேறு செயலி வாங்கலாம், சாவியின்றிப் பூட்டுண்ட படங்களை எப்பொருள் கொடுத்தும் மீட்டல் அரிது. செயலியை மாற்றுவதற்கு முன்னரே அச்சாவியைத் தாளில் எழுதிவைத்தலும், வேண்டிய கோப்புகளுக்கு வேறிடத்தில் படியெடுத்து வைத்தலும் அறிவுடைமை.

பழைய செயலியோடும் ஒரே நினைவகத் தகட்டோடும் கணினி விழிக்கவில்லையெனின், அப்போதுதான் தாய்ப்பலகையையோ மின்வழங்கியையோ ஐயுறுதல் பொருந்தும். செய்த சோதனைகளை ஒழுங்காக எழுதிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் செல்வோர்க்குச் செலவும் காலமும் மிஞ்சும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் சோதித்து வருபவர் பெரும்பாலும் புதிய பலகை வாங்காமலே கரையேறுவர். புதிய செயலி சில நாள் குறையின்றி ஓடும்வரை பழைய செயலியை விற்றுவிடாது பேணி வைத்தல் வேண்டும். கணினி வாய்திறவாத வேளையில், நோய் எங்கே உள்ளது என்று காட்டவல்ல கருவி அதுவே.