இந்தியாவில் இயற்கை இடர் கண்காணிப்பு

இந்தியாவில் இயற்கை இடர் கண்காணிப்பு என்பது சூறாவளி, கனமழை, வெள்ளம், வெப்ப அலை, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு முதலிய இடர்களை நாள்தோறும் இடைவிடாது கவனித்து, அவை பற்றிய எச்சரிக்கைகளை அரசு அமைப்புகளுக்கும் பொதுமக்களுக்கும் வழங்கும் பணியாகும். எச்சரிக்கையின் பயன் அதன் துல்லியத்தை மட்டுமன்றி, உரியவர்களை உரிய நேரத்தில் அது சென்றடைவதையும் பொறுத்தது.

வரலாறு

1864 ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும் சூறாவளி தாக்கியது. தொடர்ந்து 1866, 1871 ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக, நாடெங்கும் சிதறியிருந்த வானிலைப் பதிவுகளை ஒருங்கிணைக்கும் பொருட்டு 1875 இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் 1944 முதல் புது தில்லியில் உள்ளது. யமுனை ஆற்றுக்கான வெள்ள முன்னறிவிப்பு 1958 இல் தொடங்கியது.

பொறுப்பான அமைப்புகள்

இடரின் தன்மையைப் பொறுத்துப் பொறுப்பு பிரிக்கப்பட்டுள்ளது.

- மழை, சூறாவளி, வெப்ப அலை: இந்திய வானிலை ஆய்வுத் துறை
- ஆற்று வெள்ளம்: மத்திய நீர் ஆணையம்
- நிலநடுக்கம்: தேசிய நில அதிர்வு மையம்
- ஆழிப்பேரலை, கடல் சீற்றம்: ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்
- நிலச்சரிவு: இந்தியப் புவியியல் ஆய்வகம்

எச்சரிக்கை கிடைத்தபின் மக்களை வெளியேற்றுதல், முகாம் அமைத்தல் போன்றவை மாநில அரசுகள் மற்றும் மாவட்ட நிருவாகத்தின் பணிகளாகும். இதற்கான சட்ட அடிப்படையைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 வழங்குகிறது.

அன்றாடக் கண்காணிப்பு

தரை நிலையங்களில் வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் ஆகியவை குறித்த நேரங்களில் பதிவு செய்யப்படுகின்றன. முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மழையே ஒரு நாள் மழையளவாகக் கொள்ளப்படுகிறது. மேல்வளிமண்டல நிலையை அறியக் கருவிகள் பொருத்திய பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) ஆகிய செயற்கைக்கோள்கள் மேகப் படங்களை அனுப்புகின்றன. கரையை நெருங்கும் புயலையும் இடிமழை மேகங்களையும் டாப்ளர் ரேடார்கள் பின்தொடர்கின்றன.

மழை அளவு பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

- கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை
- மிகக் கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை
- அதிகனமழை: 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல்

நிறக் குறியீடுகள்

எச்சரிக்கைகள் நான்கு நிறங்களில் வெளியிடப்படுகின்றன. பச்சை நிறத்துக்கு நடவடிக்கை தேவையில்லை. மஞ்சள் நிலவரத்தைக் கவனித்து வருமாறும், ஆரஞ்சு ஆயத்தமாக இருக்குமாறும், சிவப்பு உடனே செயற்படுமாறும் அறிவுறுத்துகின்றன. சிவப்பு என்றால் பேரழிவு உறுதி என்று பொருள் கொள்வது சரியன்று. நிகழ்வதற்கான வாய்ப்பு, நிகழ்ந்தால் ஏற்படும் பாதிப்பு ஆகிய இரண்டையும் கருத்திற்கொண்டே நிறம் தீர்மானிக்கப்படுகிறது. அது மழையின் அளவைக் காட்டிலும் செய்ய வேண்டிய செயலையே குறிக்கிறது.

ஆழிப்பேரலை எச்சரிக்கை

நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்க இயலாது. நிகழ்ந்தபின் அதன் மையத்தையும் அளவையும் சில நிமிடங்களில் அறிய இயலும். ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கு இதுவே அடிப்படையாகும். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகில் நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பின்னரே அலைகள் சென்னையை அடைந்தன. அப்போது இந்தியாவில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் எதுவும் இல்லாததால் அந்த இடைவெளி பயன்படவில்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் ஆழிப்பேரலை உண்மையில் உருவாகியுள்ளதா என்பதை உறுதிசெய்ய உதவுகின்றன.

எச்சரிக்கையின் பயன்

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும் சூறாவளியில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபர் 12 அன்று அதே மாநிலத்தில் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தபோது, உயிரிழப்பு 50க்கும் குறைவாகவே இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முன்னறிவிப்பு மேம்பட்டதுடன், புயல் பாதுகாப்பு இல்லங்கள் கட்டப்பட்டு, ஊர்தோறும் தன்னார்வலர்கள் பயிற்றுவிக்கப்பட்டிருந்தனர். பைலின் கரையைக் கடக்கும் முன்பே பல இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

வரம்புகள்

2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கிப் புயல் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக வலுப்பெற்றது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தமிழ்நாடு, கேரள மீனவர்களைக் கரையில் வெளியிடப்பட்ட அறிவிப்புகள் எட்டவில்லை. கைப்பேசி அலைகளின் எல்லைக்கு அப்பால் இருந்த அவர்களில் பலர் உயிரிழந்தனர், பலர் காணாமற்போயினர். இக்குறையைக் களைய, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கைகளைப் பெறும் ஜெமினி என்னும் கருவி 2019 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. கரையிலிருந்து வரும் செய்தியைப் படகில் பெற இது உதவும்; படகிலிருந்து உதவி கோர இதனால் இயலாது.

நிலச்சரிவில் வேறு வகைச் சிக்கல் உள்ளது. பெருமழை பெய்யும் மாவட்டத்தை முன்கூட்டிக் கூற முடிந்தாலும், எந்தச் சரிவு எப்போது பெயரும் என்பதைத் துல்லியமாகக் கூறுவது கடினம். 2024 சூலை 30 அன்று அதிகாலையில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே இத்தகைய இடங்களில் இறுதி எச்சரிக்கைக்குக் காத்திராமல், தொடர்மழைக் காலத்தில் சரிவுகளில் வாழ்வோரை முன்னதாகவே இடம்பெயர்ப்பது பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது.