மர பேட் என்றால் மட்டமா?
(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற நம் சென்னை சரத் கமல் போல அடிக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் நம் டி.டி. ரூமில் கேட்பதோ, "கார்பன் பேட் இருந்தா நானும் ஜெயிப்பேன்டா" என்ற பேச்சுதான். என் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஃபீஸ் கட்டவே திண்டாடும் வீட்டில் கார்பனுக்கு எங்கே போவது? முழு மர பேட் அவ்வளவு மட்டமா? பார்ப்போம்.

இரண்டு ரப்பருக்கும் நடுவே இருக்கும் பலகைதான் பிளேடு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிய பிளைவுட் அது. ஒரு தகட்டின் நார் நீளவாக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கே ஓடும். தச்சு வேலை செய்யும் என் அப்பா பார்த்ததுமே, "குறுக்கே ஒட்டினாத்தான் பிளக்காது, கோணாது" என்றார். தடிமனும் முக்கியம். நாம் படித்த கணக்குப்படி, விறைப்பு தடிமனின் மும்மடியில் கூடும். 5 மி.மீ. பலகை 6 மி.மீ. ஆனால், அதே மரத்தில் விறைப்பு சுமார் 1.7 மடங்கு!

பந்தின் எடை 2.7 கிராம். அது பேட்டில் தங்குவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. விறைப்பான கார்பன் பிளேடில் பந்து சட்டென்று கிளம்பிவிடும். மரம் சற்றுக் கூடுதலாக வளையும். மெதுவாகத் தொட்டால் பந்து மெதுவாகப் போகும். ஓங்கி அடித்தால்தான் வேகம். அதனால் புஷ், பிளாக், குட்டை சர்வீஸ் எல்லாம் சொன்னபடி கேட்கும். பந்து நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதை அதிர்வை வைத்தே உள்ளங்கை சொல்லிவிடும். குறையும் உண்டு. ஓரத்தில் பட்டால் வேகம் செத்துவிடும். மேஜையை விட்டுத் தள்ளி நின்று அடிக்கத் தோள்பலம் வேண்டும்.

இன்னொன்று தெரியுமா? சர்வதேச விதிப்படி கார்பன் பிளேடிலும் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற சீனாவின் லியு குவோலியாங் ஆடியது ஸ்டிகா கிளிப்பர் என்ற ஏழு அடுக்கு மர பிளேடில்தான்!

வாங்கும்போது ரப்பர் ஒட்டாத பிளேடைப் பந்தால் தட்டிப் பாருங்கள். "கணீர்" என்றால் விறைப்பு, வேகம். "டொக்" என்றால் மென்மை, கட்டுப்பாடு. வாங்கிய பிறகு வியர்வை ஈரம் இறங்காமல் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். திருவெறும்பூர் வெயிலில் சைக்கிள் கேரியரில் விட்டுவிடாதீர்கள்!

ஆகவே நண்பர்களே, அப்பாவிடம் கார்பனுக்குக் காசு கேட்குமுன் யோசியுங்கள். நல்ல மர பிளேடு ஒன்று போதும். மிச்சப் பணத்தில், பிடிப்புப் போன ரப்பரை மாற்றுங்கள். மீதியைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்!